ஒரு சாண் முதிரை

அக்கா செத்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு எல்லாரும் வந்தீர்கள். சாப்பிட்டீர்கள். பிறகு வேப்பமரத்துக்குக் கீழே கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த ஜீப் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். நான் தேத்தண்ணி கொண்டுவந்தபோது ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. வழக்கம்போலத் தட்டத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. ஒரே ஒழுங்கையில், அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்த உங்களுக்கு அது தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது. பிழை பார்க்க வேண்டாம், வாசித்தால் காணும்.

என் பேரனும் அன்றைக்கு உங்களோடு இருந்தான். அவன் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, ஒன்றரை வருசமாக அதற்குக் கீழேயே கிடக்கிறான். நாலு சில்லையும் பெருப்பித்தான், உடம்பை உயர்த்தினான், கூரைக்கு மேலே விரிக்கிற கூடாரம் பூட்டினான், பின்னுக்கு இழுத்துத் திறக்கிற லாச்சி வைத்த சமையல் பெட்டி செய்தான். கூட்டாளிகளோடு காட்டுக்குள் போய் இரண்டு நாள், மூன்று நாள் கிடந்துவிட்டு வருகிறான். போகட்டும். அவனுக்கு வேண்டியதைக் கடையில் வாங்குகிறான், ஆருடைய கதவையும் கழற்றவில்லை. ஆனால் என்னைப் பெற்ற ஐயாவின் ஜீப் படத்தைப் பெருப்பித்துக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான். "இந்த ஊரில முதல் முதல் இப்பிடி ஒரு ஜீப் செய்தவர் என்ர பூட்டன்தான்" என்று உங்களுக்குச் சொன்னான். நீங்களும் ஓம் ஓம் என்று தலையாட்டினீர்கள்.

ஓம், செய்தார். எதைக்கொண்டு செய்தார் என்று உங்களில் ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது, அக்காவுக்கு இருபது. ஓர்ஸ் ஹில்லில் இருந்து உள்துறைமுகத்துக்கு இறங்குகிற ஒழுங்கையில், வீடும் கிணறுமாக ஒரு சரிவான வளவு எங்களுடையது. ஐயா துறைமுகத்து வேலைத்தலத்தில் பிற்றர், இயந்திரம் பூட்டுகிறவர். இரும்பு அவருக்குச் சொல்வழி கேட்கும். அவர் வீட்டுக்கு வந்தால் எண்ணெய் மணம் முதலில் வரும், ஆள் பிறகு வருவார்.

பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அக்காவுக்கு மூதூரில் ஒரு வாத்தியாரைப் பேசி, ஆவணியில் கலியாணம் என்று முடிவாகியிருந்தது. எங்கள் வளவிலேயே மேற்குப் பக்கம் அவவின் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் எழும்பி, ஓடும் போட்டாயிற்று. நல்ல நாள் பார்த்து வாசல் நிலையும் வைத்தாயிற்று. நிலை வைத்த அன்றைக்கு அம்மா மஞ்சள் பூசி, மாவிலை கட்டினா. அந்த நிலைக்குப் பூட்ட வேண்டிய கதவு மட்டும் வரவில்லை.

கதவுக்கான மரம் மாமா தந்தது. மாமா அம்மாவின் தம்பி, வெருகல் பக்கத்தில் வயல் செய்கிறவர். தன் காணியில் நின்ற முதிரை மரத்தைத் தறித்து, அறுப்பித்து, மாட்டு வண்டியிலும் துறைக்குத் துறை ஆறு கடக்கிற பாதைத் தெப்பத்திலும் ஏற்றி, நாலு நாள் கூடவே வந்து இறக்கினார். மருமகளுக்கு நூறு வருசத்துக் கதவு என்று சொன்னார். எங்கள் ஓடாவி அதை இழைத்து இரண்டு கதவாகப் பொருத்தி, இன்னும் காய வேண்டும், ஆனி மாதத்தில் பூட்டலாம் என்று சொல்லி, அம்மாவின் அறைச் சுவரில் சாத்திவிட்டுப் போனார். மஞ்சள் நிறம். கிட்டப்போனால் ஒரு வாசம் இருக்கும், அது எனக்கு இப்போதும் மூக்கில் நிற்கிறது. அக்கா பகலில் ஒரு தரம் அந்த அறைக்குள் போய் அதைத் தடவிவிட்டு வருவா. நான் கண்டால் தூசி துடைக்க வந்ததுபோலத் திரும்புவா.

கதவு மட்டுமில்லை. அம்மா கட்டிலுக்குக் கீழே அந்த வீட்டுக்கென்று சேர்த்தது எவ்வளவோ. கிண்ணியாவில் வாங்கின, கதவை நிலையில் கோக்கிற பித்தளைப் பிணைச்சல்கள், சமைக்கிற குசினிக் கூரைக்குத் தகரம், கிணற்றுக்குப் புதுக் கப்பி, மழைத்தண்ணி இறங்கப் பீலிக் குழாய். சாக்கில் சுற்றி, வேப்பிலை போட்டு வைத்திருந்தா. எங்களுக்குத் தொடுகிற உரிமை இல்லை.

சித்திரை வருசம் பிறந்து இரண்டு கிழமையில் ஜீப் வந்தது. வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன வாகனங்களை ஏலம் போட்டபோது ஐயாவும் டிஸ்பென்சரும் சேர்ந்து எடுத்தது. டிஸ்பென்சர் என்பது ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கிறவர், ஐயாவின் கூட்டாளி. பெரிய வயிறும் ஓயாத பகிடியும் அவரிடம் இருந்தன. ஒரு லொறியின் பின்னால் கயிறு கட்டி ஜீப்பை இழுத்து வந்தார்கள். நீங்கள் எல்லாரும் பின்னால் ஓடி வந்தீர்கள். கூரை இல்லை, பின் ஆசனம் இல்லை, உப்புக்காற்றில் கிடந்து தரையே கறள் தின்று ஓட்டை விழுந்திருந்தது. கைப்பிரேக் பிடிக்காது. சரிவில் நிற்காமல் உருண்டதால் ஆளுக்கொரு கல்லைக் கொண்டு ஓடிச் சில்லுக்கு முட்டுக் கொடுத்தீர்கள்.

அது பழைய ஜீப்பாகவே கிடந்திருந்தால் ஒரு கெடுதியும் வந்திராது. ஆனால் அவர்களுக்கு வெருகல் பக்கத்துக் காட்டுக்குள் போய்க் கிழமைக்கணக்கில் தங்க வேண்டும். ஆற்றில் இறக்க வேண்டும், சேற்றில் புதைந்தால் தானாக இழுத்து ஏற வேண்டும், உள்ளேயே சமைக்க வேண்டும், படுக்க வேண்டும். ஓட்டையாய்க் கிடந்த ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடந்து இருவரும் கதைத்ததை நான் கிணற்றுக் கட்டில் இருந்து பார்த்தேன். ஐயா அப்படிச் சிரித்ததை அதற்கு முதல் நான் கண்டதில்லை. கோபமாக எழுதுகிறபோதுகூட அதை மறைக்க ஏலாது. அவர் அந்த மூன்று மாதமும் சந்தோசமாக இருந்தார்.

முதலில் போனது பீலிக் குழாய். ஆற்றுக்குள் இறங்கினால் எஞ்சின் தண்ணி குடித்துவிடும், அது மூச்சு விடுகிற வாயை மேலே தூக்க வேண்டும் என்றார். சாக்கை அவிழ்த்து, குழாயை எடுத்து, அளந்து, வளைத்து, ஜீப்பின் முன் கண்ணாடிப் பக்கமாக மேலே ஏற்றிக் கட்டினார். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தா.

"இஞ்சருங்கோ, அது பிள்ளையின்ர வீட்டுக்கெல்லோ."

"ஒரு பயணத்துக்குத்தானே. வந்த உடனை கழட்டித் தாறன்."

அந்த ஒரே மறுமொழியால் எல்லாவற்றையும் எடுத்தார். தகரம் போய் ஜீப்புக்குக் கூரையாயிற்று. அதற்கு மேல் கம்பித்தட்டு அடித்தார், அரிசி மூட்டையும் கித்தான் கூடாரமும் கட்ட. கப்பி போய் முன்னுக்கு ஏறிற்று. துறைமுகத்துக் கம்பிக் கயிற்றை அதற்குள்ளால் ஓடவிட்டு, மரத்தில் கட்டிச் சுற்றினால் ஜீப் சேற்றில் இருந்து தன்னைத்தானே இழுக்கும். பிணைச்சல்கள் போய்ப் பின் பலகையில் ஏறின. பலகையை விழுத்திச் சங்கிலியில் தொங்கவிட்டால் சமையல் மேசை, மூடினால் கதவு. மேசைக்குப் பக்கத்தில் தண்ணிப் பீப்பா, அதற்கு ஒரு பைப். எல்லாம் வேலை செய்தது. திறமான வேலை. அதுதான் எனக்கு இன்னும் கூடிய எரிச்சல். கைவேலை தெரியாத மனுசன் என்றால் பாதியில் விட்டிருப்பார்.

டிஸ்பென்சர் ஒவ்வொரு பின்னேரமும் வந்து பார்த்துவிட்டு ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். குசினித் தகரம் ஜீப்பில் ஏறின அன்றைக்கு அக்காவைப் பார்த்து, மூதூர் வாத்தியார் கடைப் பாண் தின்கிறவர்தானே பிள்ளை, உனக்குக் குசினி எதற்கு என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனா.

கடைசியாகப் படுக்கை. முன் ஆசனத்தை மடித்துவிட்டுப் பின்னில் இருந்து முன் வரைக்கும் நீட்டுக்குப் பலகை போட்டால் இரண்டு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். நல்ல பாரம் தாங்கிற பலகை வேண்டும். ஐயா அம்மாவின் அறைக்குள் போனார்.

அம்மா அன்றைக்குக் கோயிலுக்குப் போயிருந்தா, அக்காவும் கூட. வீட்டில் நான் மட்டும். ஐயா இரண்டு கதவையும் ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து வந்து ஜீப்புக்குள் விட்டுப் பார்த்தார். அகலம் கணக்காக வந்தது. நீட்டு ஒரு சாண் கூடிப்போயிற்று, பின் பலகை மூடவில்லை. சாய்த்துப் பார்த்தார், முன்னுக்குத் தள்ளிப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய் வாள் எடுத்து வந்தார்.

இதுவரைக்கும் எடுத்ததெல்லாம் கழற்றித் திரும்பப் பூட்டலாம். கதவில் ஒரு சாண் போனால் அது பிறகு கதவில்லை. பத்து வயதில் எனக்கே அது விளங்கிற்று.

"ஏறி இரு பிள்ளை, ஆடாமல் பிடிக்க வேணும்" என்றார்.

ஏறி இருந்தேன். முதிரை இறுக்கமான மரம், வாள் கத்திக்கொண்டே போயிற்று. மஞ்சள் தூள் என் காலில், பாவாடையில், கண் மயிரில் எல்லாம் விழுந்தது. என் பாரம் பலகையைப் பிடிக்கிறது, ஐயாவுக்கு நான் உதவி என்று பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். இரண்டு கதவிலும் ஒவ்வொரு சாண் துண்டு விழுந்தது. ஒரு புழுவின் ஓட்டைகூட இல்லாத மரம். அந்த இரண்டு துண்டையும் ஐயா காலால் தள்ளி, பின் சில்லு இரண்டுக்கும் முட்டுக் கொடுத்தார். நீங்கள் கொண்டு வந்த கல்லை எறிந்தார்.

பிறகு கப்பலுக்கு அடிக்கிற சாம்பல் பெயின்றைப் பலகை இரண்டுக்கும் அடித்தார். மஞ்சள் மறைந்தது. அம்மா வந்து வெறும் சுவரைப் பார்த்துக் கேட்டபோது, கதவைச் செல் பூச்சி அரித்துப்போச்சு, எரிக்கக் கொடுத்துவிட்டேன், ஜீப்பில் கிடப்பது கப்பல் பெட்டிப் பலகை என்று சொன்னார். அம்மா ஜீப்பைப் பார்த்தா. சில்லைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. என் கண் மயிரில் இருந்த தூளைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போனா.

ஜீப் முதல் பயணம் போனது. ஒழுங்கை முழுக்க நின்று அனுப்பினீர்கள். அஞ்சு நாளால் சேறும் கறையுமாகத் திரும்பி வந்தது. ஆறு இறங்கினதாம், ஒரு சொட்டு எஞ்சினுக்குள் போகவில்லையாம். யானை வழியில் புதைந்து, கப்பியைச் சுற்றித் தானே ஏறினதாம். சாக்கு நிறைய மான் இறைச்சி வத்தல் கொண்டு வந்தார்கள். உங்கள் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் பங்கு வந்தது. தின்றீர்கள். நானும் தின்றேன். நல்ல ருசியாக இருந்தது. டிஸ்பென்சர் படுக்கையைப் பற்றிச் சொன்னார், ஆஸ்பத்திரிக் கட்டில்கூட இப்படி ஆடாமல் இருக்காது என்று.

ஒன்றையும் கழற்றவில்லை. அடுத்த பயணத்துக்கு நாள் குறித்தார்கள்.

அடுத்த கிழமை, ஒரு மத்தியானம், கிணற்றடியில் அக்கா எனக்குத் தலை முழுக வார்த்துக்கொண்டிருந்தா. சீயக்காய் கண்ணில் விழுந்து நான் அழுதேன். அழத் தொடங்கினபிறகு நிற்பாட்ட ஏலவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏறி இருந்தது, அறுத்தது, பெயின்ற் அடித்தது, சில்லுக்குக் கீழே கிடக்கிற துண்டு. அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, என் தலையைத் துவட்டினா. பிறகு கேட்டா, ஆரும் கேட்டால் சொல்லுவியோ என்று.

"ஓம்" என்றேன்.

ஆனியில் மாப்பிள்ளை பகுதி வீடு பார்க்க வந்தார்கள். மூதூரில் இருந்து காலை லோஞ்ச் படகில் தாயும் மாப்பிள்ளையும் அவர்களின் சனம் அஞ்சாறு பேரும். வெருகலில் இருந்து மாமாவும் வந்திருந்தார். டிஸ்பென்சர் வெள்ளை உடுப்பில். வேலியில் நீங்கள். மூதூர் தாய் புது வீட்டைச் சுற்றிப் பார்த்தா, சுவரைத் தட்டிப் பார்த்தா, கூரையில்லாத குசினிக்குள் நின்று வானத்தைப் பார்த்தா. பிறகு வெறும் நிலைக்கு முன்னால் வந்து நின்று, கதவெங்கே என்று கேட்டா.

செல் அரித்துப்போச்சு, புதிசுக்குச் சொல்லியிருக்கு என்றார் ஐயா.

மாமா திரும்பினார். "முதிரையையோ அத்தான்?"

"வயிரமில்லாத வெள்ளைப் பக்கம் மச்சான். அதிலதான் பிடிச்சது."

அக்கா அந்த நேரம் தேத்தண்ணித் தட்டத்தோடு குசினியால் வந்தா. பச்சைச் சீலை. தலை நிறையப் பூ. தட்டத்தை ஆருக்கும் நீட்டவில்லை. நேரே ஜீப்படிக்குப் போய், அதன் மூக்கில் தட்டத்தை வைத்துவிட்டு, பின்பக்கமாகச் சுற்றிப் போய், சீலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறி, படுக்கைப் பலகையில் சம்மாணம் கொட்டி இருந்தா. சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வந்தவர்களோடு கதைக்கிற குரல்தான்.

"மாமி, வீடு பார்க்கத்தானே வந்தனீங்கள். இஞ்சாலை வாங்கோ. இதுதான் என்ர வீடு. நான் இருக்கிறது என்ர கதவு. மேலை கிடக்கிறது என்ர குசினிக் கூரை. முன்னுக்குத் தொங்கிறது என்ர கிணத்துக் கப்பி. எல்லாம் பூட்டி முடிஞ்சுது. குடிபூரத்தான் நாள் பார்க்க வேணும்."

டிஸ்பென்சர்தான் முதலில் சிரித்தார். பிறகு வேலியில் நின்ற நீங்கள். அந்தச் சிரிப்பைத்தான் அறுபது வருசமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கதையும் இதோடு முடிந்துவிடும். அன்றைக்கு அது முடியவில்லை.

ஐயா இறங்கச் சொன்னார். அது கப்பல் பெட்டிப் பலகை, உனக்கென்ன மூளை பிசகிப்போச்சோ என்றார். மாமா ஜீப்படிக்குப் போய்ப் பலகையில் உள்ளங்கையை வைத்தார். எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"தங்கச்சி பார்த்தவள்" என்றா அக்கா. "அவளைக் கேளுங்கோ."

பிள்ளை பொய் சொல்லாது என்று ஆரோ சொன்னார்கள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மாமா எனக்கு முன்னால் வந்து குந்தினார். வெற்றிலை வாசம்.

"சொல்லு பிள்ளை. செல் அரிச்சதோ, கொப்பர் அறுத்தவரோ?"

வளவில் பதினஞ்சு இருபது பேர். வேலியில் நீங்கள். ஐயா என்னைப் பார்க்கவில்லை, தன் கையில் இருந்த பெயின்றைச் சுரண்டிக்கொண்டு நின்றார். அக்கா பார்த்தா. என் வாய்க்குள் சொல் வந்து நின்றது. அதைத் தள்ள எனக்குத் தெரியவில்லை. கால் பெருவிரலால் மண்ணைக் கிண்டினேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி முடிந்தது. நான் இன்னும் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"பேசாமல் நிக்குதெண்டால் அத்தான் சொன்னதுதான் சரி" என்று மாமா எழும்பினார்.

அக்கா தானாகவே இறங்கினா. தட்டத்தை எடுத்தா. ஆறின தேத்தண்ணியைக் குசினிக்குக் கொண்டுபோய், சூடாக்கி, திரும்பக் கொண்டு வந்து எல்லாருக்கும் கொடுத்தா. மூதூர் தாய் வாங்கினா, குடிக்கவில்லை. பின்னேர லோஞ்சில் போனார்கள். அடுத்த கிழமை சொல்லி அனுப்பினார்கள், சபையில் வாகனத்தில் ஏறி இருக்கிற பிள்ளை தங்களுக்குச் சரிவராது என்று.

பல வருசம் நான்தான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் அக்காவுக்குக் கதவு வந்திருக்கும், கலியாணம் நடந்திருக்கும் என்று. பிள்ளை பெற்று, பேரனும் வந்து, பத்து வயது என்றால் எவ்வளவு சின்னது என்று கண்ணால் கண்டபிறகுதான் எனக்கு நெஞ்சு கொதிக்கத் தொடங்கிற்று.

மாமாவின் இடுப்பில் கத்தி இருந்தது. ஒரு கீறுக் கீறியிருந்தால் மஞ்சள் தெரிந்திருக்கும். கீறக்கூடத் தேவையில்லை. நாலு நாள் சுமந்து வந்த மரத்தை உள்ளங்கை அறியாதோ? அவர் அறிந்தார். அறிந்ததால்தான் என்னைக் கேட்டார். தன் அக்காவின் புருசனை, எங்கள் ஐயாவை, சம்பந்தி பகுதிக்கு முன்னால், பொய்யன் என்று தன் வாயால் சொல்ல அவருக்கு ஏலாது. பிள்ளை சொன்னால் பிள்ளை சொன்னது. சொல்லாவிட்டால் இன்னும் நல்லது.

டிஸ்பென்சர் அஞ்சு நாள் அந்தப் பலகையில் படுத்து எழும்பினவர். அம்மா என் கண் மயிரைத் துடைத்தவ. ஜீப்புக்கு முட்டுக் கொடுத்த இரண்டு முதிரைத் துண்டும், பெயின்ற் படாமல், மஞ்சளாக, எல்லாரின் கண்ணுக்கும் முன்னால் சில்லுக்குக் கீழே கிடந்தன. வேலியில் நின்ற உங்களுக்கும் தெரிந்தது. உங்களில் ஒருத்தர் முப்பத்தொன்றிலும் சொன்னீர்கள், அந்தத் துண்டில் ஏறி நின்றுதான் ஜீப்புக்குள் எட்டிப் பார்க்கிறனாங்கள் என்று. சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். எல்லாரும் அறிந்த ஒன்றைச் சொல்லுகிற வேலையை, அந்த வளவிலேயே வாய் வராத பிள்ளையின் தலையில் வைத்தீர்கள். பிள்ளை பேசாததும் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தீர்கள்.

ஜீப் இன்னும் சில வருசம் காட்டுக்குப் போய் வந்தது. பிறகு எஞ்சின் உடைந்து, உப்புக்காற்றில் உக்கி, பழைய இரும்புக்குப் போயிற்று. பலகையும் அதோடு போயிற்று. மேற்கு வீட்டு நிலை ஒன்பது வருசம் வெறுமனே நின்றது. உள்ளே ஆடு படுத்தது. நாங்கள் விறகு அடுக்கினோம். அக்காவுக்கு வந்த ஒன்றிரண்டு பேச்சும் ஜீப்பில் குடியிருந்தவள் என்ற கதையோடு திரும்பிப் போயிற்று. அந்தப் பட்டத்தை வைத்ததும் உங்களில் ஒருத்தர்தான்.

எனக்குப் பத்தொன்பது வயதில் பேசி வந்தார்கள். அவர்களும் வீடு கேட்டார்கள். எங்கிருந்தோ பலாப் பலகை வந்தது. பதினஞ்சு நாளில் கதவு பூட்டியாயிற்று, குசினிக் கூரை போட்டாயிற்று, கிணற்றுக்குக் கப்பி வந்தாயிற்று. ஒன்பது வருசம் ஏலாத வேலை பதினஞ்சு நாள் வேலை. அந்த மேற்கு வீட்டை என் பேரில் எழுதினார்கள். கையெழுத்து வைத்தேன். இது அக்காவின் வீடு என்று அப்போதும் நான் சொல்லவில்லை. அன்றைக்கு அக்கா பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தா.

பிறகு ஐயாவும் அம்மாவும் போனபின் அக்கா எங்களோடு வந்து இருந்தா, குசினிக்குப் பக்கத்து அறையில். என் பிள்ளைகளை வளர்த்தது அவதான். ஆனால் அந்த முன்கதவால் ஒரு நாளும் உள்ளே வரவில்லை. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் வீட்டைச் சுற்றிக்கொண்டு குசினி அரைச்சுவர்ப் பக்கத்து ஒடுங்கின வழியால் வருவா. சண்டைக்குள் ஓடி, அகதியாக இருந்து, திரும்பி வந்த நாளிலும், நாங்கள் எல்லாரும் முன்வாசலால் விழுந்தடித்துக்கொண்டு நுழைய, அவ பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றிப் போனா. இடுப்பு ஏலாமல் பொல்லு ஊன்றின காலத்திலும் சுற்றித்தான்.

ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன், என்னில் கோபமோ என்று.

"உன்னில என்ன கோபம்? நீ சின்னப் பிள்ளை" என்றா. செதிலைச் சுரண்டிக்கொண்டே இருந்தா. "எனக்குக் கதவிலதான் கோபம்."

அவ செத்த அன்றைக்குக் கூடத்தில் நீட்டி வளர்த்தி, கிரியை எல்லாம் முடிந்து, பெட்டி மூடித் தூக்குகிற நேரம் வந்தது. முன்கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்திருந்தார்கள். பெட்டியின் தலைப்பக்கம் வாசலுக்குத் திரும்பினபோது நான் போய் நிலைக்குள் நின்றேன். 

"இதால வேண்டாம். குசினிப் பக்கத்தால கொண்டு போங்கோ."

பின்பக்கத்தால் கொண்டுபோகிற வழக்கமில்லை என்றார் மருமகன். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். கிழவிக்கு மூளை பிசகிப்போச்சு என்று உங்களில் ஆரோ முணுமுணுத்தது கேட்டது. பேரன்தான் உள்ளே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"அம்மம்மா, அதால பெட்டி திரும்பாது. அரைச்சுவரை இடிச்சாத்தான் ஏலும்."

"இடியுங்கோ" என்றேன். "வீடு என்ர பேரிலதானே இருக்கு. இடியுங்கோ."

 அவன் தன் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு போய், ஜீப்பில் கிடந்த அலவாங்கையும் பெரிய சுத்தியலையும் எடுத்து வந்தான். ஏழெட்டு அடி. சுவர் விழுந்து தூசி எழும்பிற்று. கல்லுக்கு மேல் கால் வைத்து வைத்து அக்காவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீங்கள் எல்லாரும் வெள்ளையும் சள்ளையுமாக முன்வாசலில் காத்துக்கொண்டு நின்றீர்கள். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னுக்கு ஓடி வரவேண்டியதாய்ப் போயிற்று.